ஒரு வார்த்தை விடாமல்

பினாயில் தீர்ந்துவிட்டது. அவள் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறிவிட்டு, மறுபடி மண்டியிட்டுத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடும்மா, நான் பாத்துக்கறேன். நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு," என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. அரை மணி நேரத்தில் மூன்றாவது முறை.

"பரவாயில்லக்கா. முடிஞ்சிடுச்சு."

முடியவில்லை. சிவப்பு ரத்தமாக இருந்தால் இரண்டு வாளித் தண்ணீரில் போயிருக்கும். இது காபிப்பொடியைக் கரைத்துக் கொட்டியது போலக் கறுத்து, கொல்லைப்புறச் சிமெண்டின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. குழாயடியிலிருந்து வாசற்படி வரை தடம். விடியும் நேரத்தில் அப்பா எழுந்து வந்து இங்கேதான் உட்கார்ந்தார். முதல் முறை வாந்தி எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க," என்றார். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார, அவள் செருப்பில்லாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நர்ஸம்மாவும் மிஷன் குழுவின் நெட்டை டாக்டரும் வேனில் வந்து சேர்ந்தபோது, வேனுக்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது. டாக்டர் இதே ஈரத்தில் மண்டியிட்டு, நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு தன் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் ஊரே பார்த்தது போல, அவர் என்ன சொன்னார் என்று அவள் சொல்வதற்காகப் பார்த்தாள்.

அவளும் சொன்னாள். அப்பா போய்விட்டார் என்பதைத் தன் அம்மாவுக்கு அவளே மொழிபெயர்த்தாள்.

அவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது முப்பத்திரண்டு. அந்த அந்நிய மொழியைப் பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாலும், அதைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரின் சுகாதார நிலையம் இரண்டே அறைக் கட்டடம். ஒரு நர்ஸ், ஒரு பூட்டிய மருந்து அலமாரி. வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் வெளிநாட்டிலிருந்து மிஷன் குழு ஒன்று பெட்டி பெட்டியாக மருந்தோடு வந்து இறங்கும். அந்த வாரத்தில் தலைவலி இல்லாதவர்களும் தலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இதுவரை மொழிபெயர்ப்புக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். இந்த வருஷம் அவர் வரவில்லை. "நம்ம டீச்சர் இருக்காங்களே," என்று நர்ஸம்மா சொல்ல, குழுவின் தலைவி அவளுக்கும் ஒரு நீலநிற மேலங்கியைக் கொடுத்தாள். முதுகில் 'தன்னார்வலர்' என்று அவர்கள் மொழியில் அச்சிட்டிருந்தது. லீவு சொல்லிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் அவள் இல்லாமல் எந்த மேசையும் ஓடாது என்று ஆகிவிட்டது. பல் பார்க்கிறவர் கூப்பிட்டார், கண் பார்க்கிறவர் கூப்பிட்டார், மாத்திரை எண்ணிக் கொடுக்கும் கல்லூரிப் பையன்கள் கூப்பிட்டார்கள். எங்கே இவ்வளவு நன்றாகக் கற்றீர்கள் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். புத்தகத்தில், என்றாள். அவள் நடையே மாறிவிட்டதாக அம்மா சொன்னாள். இருக்கலாம். உப்பையும் சர்க்கரையையும் பற்றிப் பேசினாலும், அந்த மொழியில் பேசும்போது அவளுக்குத் தான் வேறொரு வீட்டில் பிறந்தவள் போலிருந்தது.

அவள் பிறந்த வீடு ரம்பக்காரர் வீடு. அப்பா முப்பத்தொரு வருஷம் மரம் அறுக்கும் மில்லில் பெரிய ரம்பத்தின் பக்கத்தில் நின்றவர். அந்தச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. காது போனவருக்குக் குரல் அடங்காது. அவர் கடையில் சாதாரணமாகப் பேசுவது தெருமுனையில் கேட்கும். வீட்டில் அவர் ரகசியம் சொன்னால் தையல்காரம்மா வீட்டிலிருந்து பதில் வரும். அவருக்குக் கேட்கவேண்டும் என்று அம்மாவும் கத்திப் பேசிப் பழகியிருந்தாள். சண்டை என்று நினைத்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் விலக்கிவிட வந்ததும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மெதுவாகப் பேசுகிற டீச்சர் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரைச் சிறு வயதிலேயே முடிவு செய்து வாங்கியிருந்தாள்.

புதன்கிழமை அப்பா முகாமுக்கு வந்தார். டாக்டர் என்றாலே பின்வாங்குகிறவர். அம்மாதான் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. மகள் என்று சொல்லி முன்னால் வரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்று, இரண்டு மணி நேரம், அவள் பேசுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அது தெரிந்தது. அவர் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

முறை வந்தபோது நெட்டை டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும்.

"இடுப்பு," என்றார் அப்பா. "மரம் தூக்கின இடுப்பு. அப்புறம் இங்க," நெஞ்சுக்குழியைத் தொட்டுக்காட்டினார், "அடுப்பு மூட்டின மாதிரி எரியுது."

இரண்டையும் சொன்னாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடுப்புக்கு நல்ல மாத்திரை இருக்கிறது, ஆனால் வயிற்றில் புண் இருந்தால் அதைக் கொடுக்கக் கூடாது என்றார். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் மலம் கறுப்பாகப் போகும், அப்படிப் போகிறதா என்று கேளுங்கள் என்றார்.

அவள் குனிந்து, "அப்பா, வெளிக்குப் போறது என்ன நிறமா போகுது?" என்றாள்.

"என்னது?"

இன்னும் குனிந்தாள். "வெளிக்குப் போறதுப்பா. நிறம்."

"பீயா?" என்றார் அப்பா, ரம்பம் ஓடும்போது மரத்தின் மறுமுனையில் நிற்பவனைக் கூப்பிடும் குரலில். வரிசை முழுவதும் திரும்பியது. "கறுப்பு. தார் மாதிரி. அத வெச்சு ரோடு போடலாம். ஒரு வாரமா அப்படித்தான். நாத்தம் வேற. உங்கம்மா கக்கூஸ் பக்கமே வரமாட்டேங்கறா."

சிரிப்பு வரிசையின் முனையில் கிளம்பி வாசல் வரை போயிற்று. அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவும் குனிந்து சிரித்தாள். என்னவென்று தெரியாமலே மாத்திரை மேசைப் பையன்களும் சிரித்தார்கள். தன் பேச்சு எடுபட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம். சுற்றிலும் பார்த்து அவரும் சிரித்தார்.

டாக்டர் புன்னகையோடு, என்ன சொன்னார் என்று கேட்டார்.

"வழக்கம்போலத்தான் போகிறதாம்," என்றாள். "அவர் கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுவார்."

நோயாளியின் அட்டையை நிரப்புவதும் அவள் வேலைதான். மலம் என்ற இடத்துக்கு எதிரே 'இயல்பு' என்று எழுதினாள். கரும்பலகையில் எழுதி எழுதித் திருந்திய கையெழுத்து. டாக்டர் எரிச்சலுக்கு ஒரு மாத்திரையும், இடுப்புக்கு அந்த மாத்திரையும் எழுதினார். இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று அவர் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

பொய் சொன்னதாக அப்போது அவள் நினைக்கவில்லை. மதிய இடைவேளையில் டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம், அப்பாவிடமிருந்து மாத்திரையை வாங்கி மாற்றிக் கொடுத்துவிடலாம். அவ்வளவுதானே. மதியம் குழுவோடு படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். தலைவி அவள் தோளில் கையைப் போட்டு, நீதான் எங்கள் வாயும் காதும் என்றாள். பிறகு வரிசையில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தாள். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. உள்ளே அப்பா இரண்டு வேளை மாத்திரையும் போட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல," என்றார். "கைராசிக்கார டாக்டர்."

சரிதான், ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. வியாழக்கிழமை காலை டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தபோது மறுபடி நினைவு வந்தது. ஆனால் இப்போது சொல்ல வேண்டுமென்றால், நேற்று நான் மாற்றிச் சொன்னேன் என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு விழா. மேடையில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு மற்றவர்கள் நிறுத்தியது கேட்கவில்லை. யாரோ அவர் முழங்கையைத் தொட்டார்கள். மேடையிலிருந்து அவள் கண்ணாலேயே அதட்டினாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

அது நேற்று.

ஒன்பது மணிக்கு மில் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். மில்லை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். பெட்டியைத் தாங்களே செய்வதாகவும், நல்ல பலகையாக ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அளவெடுக்க வேண்டும். அப்பாவின் கூட்டாளிக்கு ஊரில் நாலுவிரல் என்று பெயர். ஒரு விரலை ரம்பத்துக்குக் கொடுத்தவர். அவளுக்குச் சித்தப்பா முறை. அளவு நாடாவின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் கால் பக்கம் போனார். அவள் தலைமாட்டில் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் எல்லோருமே காது போனவர்கள். சாவு வீட்டில் தணிந்து பேச வேண்டும் என்று தணிந்துதான் பேசினார்கள். அது தெரு முழுவதும் கேட்டது.

"அண்ணி," என்றார் நாலுவிரல் சித்தப்பா அம்மாவிடம், நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் மில்லுக்கு வந்தாரு. லீவு போட்ட ஆளு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். சும்மா சொல்லிட்டுப் போக வந்தேன்னாரு. எம்பொண்ணு அவங்க பாஷைய தண்ணி ஊத்தற மாதிரி ஊத்தறாடா, நான் சொன்னத ஒரு வார்த்தை விடாம சொன்னா, டாக்டரு அவ வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தாருன்னாரு. ஆளாளுக்கு நிறுத்தி வெச்சுச் சொன்னாரு. வேலையே ஓடல அன்னிக்கு."

அம்மா அழுகையினூடே அவள் பக்கம் திரும்பி, கேட்டியா என்பது போலத் தலையாட்டினாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாடா கையிலிருந்து போனதுகூடத் தெரியாமல் விரலை மடித்தே வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. பத்தரைக்குக் கிளம்பினால்தான் அவர்களுக்கு விமானத்தைப் பிடிக்க முடியும். மிஷன் குழுவின் ஒன்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். தலைவி கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபித்தாள். நெட்டை டாக்டர் மட்டும் முன்னால் வந்து, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையில் அப்பாவின் அட்டை இருந்தது. நர்ஸம்மா அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இங்க உக்காரு. நீ இல்லாம நான் எப்படிப் பேசுவேன்?"

டாக்டர் அவளைப் பார்த்துப் பேசினார். அவர் உங்கள் அப்பா என்று எனக்கு இன்று காலையில்தான் தெரியும் என்றார். காலையிலிருந்து இந்த அட்டையை நாலைந்து முறை பார்த்துவிட்டதாகச் சொன்னார். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிவது சில பேருக்கு வெளியே தெரியாமலே இருந்துவிடும். கசிவுக்கு ஒரு சின்ன அறிகுறி இருந்திருந்தாலும் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்க மாட்டேன், அன்றைக்கே வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா.

"ரொம்ப வருத்தப்படறாராம்மா."

"இவ்வளவு நேரம் பேசினாரே."

"அதத்தான் சொன்னாரு."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்று வளர்ந்த குரல் அது. தழுதழுத்தாலும் அறை முழுக்கக் கேட்டது. "நான் ஒண்ணு கேக்கறேன், அப்படியே கேளு. சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான். அன்னிக்கு இவரு கறுப்பா போகுதுன்னு சொன்னாரே. ஊரே சிரிக்கச் சொன்னாராமே. அப்படிப் போனா அந்த மாத்திரைய தொடக்கூடாதுன்னு எங்கண்ணனுக்கே ஒரு தடவ டாக்டர் சொல்லியிருக்காரு. தெரிஞ்சும் ஏன் குடுத்தாருன்னு மட்டும் கேளு."

டாக்டர் அவள் வாயைப் பார்த்தார்.

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார்," என்றாள்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறை ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வெளியே நாலுவிரல் சித்தப்பா யாரிடமோ ஆணி வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரி, விடு," என்றாள் அம்மா. "நூறு பேரப் பாக்கற எடத்துல ஒண்ணு தவறத்தான் செய்யும். வேணும்னா பண்ணாரு? சோறு தண்ணி இல்லாம ஒரு வாரம் ஊருக்கு உழைச்ச பிள்ள. இத மனசுல போட்டுக்கிட்டு நாளைக்கு இன்னொருத்தரத் தொடவே கை நடுங்கும். நாங்க தப்பா எடுத்துக்கலன்னு சொல்லு. அவங்கம்மா மாதிரி நெனச்சுச் சொல்றேன்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். டாக்டரின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்று அம்மா அவள் முழங்காலைத் தட்டினாள்.

அவள் சொன்னாள். வாரம் முழுவதும் மற்றவர்களின் வலியைச் சொன்ன அதே குரலில், ஏறாமல் இறங்காமல், டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "நீங்கள் கேட்டதற்கு என் அப்பா கறுப்பு என்றுதான் சொன்னார். தார் போல என்றார். ஒரு வாரமாக என்றார். இயல்பு என்று சொன்னது நான். எல்லோரும் சிரித்தார்கள், அதனால். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது. நீங்கள் தெரிந்தே கொடுத்தீர்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார்."

அறையில் இருந்த சொந்தக்காரர்கள் அவள் அம்மாவின் பேச்சைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரோரம் நின்றவர்களில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். தலைவி கண்ணைத் திறந்தாள். டாக்டரின் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு இறங்கியது. அட்டை அவர் கையில் மடங்கிக் கிடந்தது.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். மன்னிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். கையை நீட்டி, முன்பின் தெரியாத அந்த நெட்டைப் பிள்ளையின் தலையில் வைத்து, ஒரு முறை தடவிக் கொடுத்தாள்.

டாக்டர் அசையாமல் இருந்தார். அம்மா கையை எடுத்த பிறகு, மகளைப் பார்த்து மூன்று வார்த்தை கேட்டார். "உங்கள் அம்மாவுக்குச் சொன்னீர்களா?"

"இல்லை."

"என்ன கேக்கறாரு?" என்றாள் அம்மா.

"உன் உடம்பப் பாத்துக்கச் சொல்றாரு."

அவர் எழுந்தார். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். அட்டையை நிமிர்த்தி, அவளிடம் கொடுக்காமல், நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். வாசலைத் தாண்டும்போது தலை நிலையில் இடித்தது, திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தலைவி அவளை அணைத்துக்கொள்ள வந்தாள். பாதி உயர்ந்த கையை இறக்கி, அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

வேன் போன சத்தம் அடங்கிய பிறகு நர்ஸம்மா அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். இருபது வருஷமாக இந்த முகாமைப் பார்க்கிறவள். அவர்கள் மொழியில் வாக்கியம் பேச வராது. நோய்களும் உடம்பின் பாகங்களும் நிறங்களும் தெரியும்.

"நீ சொன்னது எனக்கு முழுசாப் புரியல," என்றாள். "ஒரு வார்த்தை புரிஞ்சுது."

அவள் எந்த வார்த்தை என்று கேட்கவில்லை.

"கறுப்பு," என்றாள் நர்ஸம்மா. "அன்னிக்கு எனக்கும் காதுல விழுந்துது. நீ சொல்லியிருப்பேன்னு இருந்துட்டேன்." மேலே ஏதோ சொல்ல வந்தவள், உள்ளே அம்மா கூப்பிடும் குரல் கேட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

பெட்டி இரண்டு மணிக்கு வந்தது. அறுத்த பலகையின் வாசனை வீடெங்கும் நிறைந்தது. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும் வாசனை அது. அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெட்டி அவருக்கு ஒரு சாண் பெரிதாக இருந்தது. அளவெடுக்கும்போது தலைமாட்டில் நாடாவைச் சரியாகப் பிடிக்காதது அவள்தான். நாலுவிரல் சித்தப்பா மடித்த போர்வை ஒன்றைக் கால்மாட்டில் திணித்தார். நான்கு மணிக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியர் அவளிடம், அப்பா போன அன்றைக்கும் விருந்தாளிகளுக்காகக் கடமையைச் செய்ததாகக் கேள்விப்பட்டேன், பெரிய மனசு டீச்சர், என்றார். அவள் தலைகுனிந்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் மேலும் இரண்டு வாக்கியம் பாராட்டினார்.

வெயில் தாழ்ந்தபோது வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். உறவுக்காரர்கள் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். தெருவிலிருந்து வந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள், யாருடையது எது என்று தெரியாமல், சமையல் மேடையில் மூடியபடி இருந்தன. அம்மா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து மூடினாள்.

"வேன் போய்ச் சேந்திருக்குமா?" என்றாள்.

"பாதி தூரம் போயிருக்கும்."

"அந்தப் பிள்ள மூஞ்சி கண்ணுலயே நிக்குது. நான் கேட்டிருக்கவே கூடாது. போற நேரத்துல போய்க் கேட்டேன் பாரு. காலத்துக்கும் அவனுக்கு உறுத்தும்." மூடியை வைத்துவிட்டு, "உங்கிட்ட அட்ரஸ் இருக்கும்ல? ஒரு காயிதம் எழுதிப் போடு. நான் சொல்றேன், நீ எழுது," என்றாள்.

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அன்னிக்கு அவருக்குத் தெரியாது."

"எது?"

"கறுப்பா போகுதுன்னு அப்பா சொன்னது. நான் அவர்கிட்ட சொல்லல. சாதாரணமாப் போகுதுன்னு சொல்லிட்டேன். அட்டையிலயும் அப்படித்தான் எழுதினேன்." நிறுத்தினால் நின்றுவிடும் என்று தெரிந்து நிறுத்தாமல் சொன்னாள். "அப்படி இருந்தா மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு அவர் முன்னாடியே சொன்னாரு. எனக்குத் தெரியும். மத்தியானம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் சொல்லல. காலைல நீ கேட்டதையும் நான் கேக்கல."

அம்மா அவளைப் பார்த்தாள். காது கேட்காதவரின் மனைவி. இருபத்தைந்து வருஷம் எதையும் இரண்டு தடவை சொல்லியே பழகியவள். இதை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

"சிரிச்சாங்கன்னா?" என்றாள் அம்மா கடைசியில்.

"ம்."

"அப்பாவும் சிரிச்சாரா?"

"அவருந்தான்."

அம்மா தலையை ஆட்டினாள். சம்மதம் போலவும் இல்லை, மறுப்பு போலவும் இல்லை. மேடைக்குத் திரும்பி இரண்டு தட்டு எடுத்துக் கழுவினாள். ஒன்றில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, தரையில் அவளுக்கு எதிரே வைத்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் பிசைந்துகொண்டிருந்தாள். முன்னறையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா உள்ளே வந்தாள். பாத்திரத்தைத் திறந்து, போதுமா என்று கேட்காமல், முகத்தைப் பார்க்காமல், தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். குழம்பு சோற்றுக்கு வெளியே வழியாமல் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டு மூடிவிட்டு, மறுபடி முன்னறைக்குப் போனாள்.